பிட்டர்ரூட்டுக்குக் குதிரைகளோடு குடிபோகலாமா?

கேள்வி சுருக்கமாக இதுதான். டெக்சாஸில் டாலஸ் பக்கம் பல வருடங்களாக இருக்கும் ஒரு தமிழ்க் குடும்பம். கிரீன் கார்டு இருக்கிறது, கணவன் மனைவி இருவருக்கும் வேலை வீட்டிலிருந்தே. கணவருக்கு மான் வேட்டைப் பழக்கம், சொந்தமாக இரண்டு குவார்ட்டர் இனக் குதிரைகள். மேற்கு மொன்டானாவின் பிட்டர்ரூட் பள்ளத்தாக்கில் பத்து ஏக்கர் வாங்கி, வீட்டு வாசலிலேயே குதிரை ஏறி எல்க் மான் வேட்டைக்குப் போய்வர முடியுமா என்று கேட்கிறார். அங்கே வெளியூர்க்காரர்களைக் கண்டாலே ஆகாதாமே, அது உண்மையா என்பது அடுத்த கேள்வி.

போகலாம். நிலத்தை மட்டும் உடனே வாங்காதீர்கள். ஒரு குளிர்காலமாவது வாடகைக்கு இருந்து பாருங்கள். ஜூலை மாதம் நிலத் தரகர் காட்டும் பள்ளத்தாக்கு வேறு, நவம்பரில் நீங்கள் வேட்டையாடப் போகும் பள்ளத்தாக்கு வேறு. அங்கே பத்து ஏக்கர் வாங்கிவிட்டு மறு வருடமே விற்றுவிட்டுப் போனவர்களில் பெரும்பாலோர் வேட்டை தெரியாதவர்கள் இல்லை. தண்ணீர் உரிமை இல்லாத நிலத்தை வாங்கியவர்கள், அல்லது எல்க் இல்லாத பக்கத்தில் வாங்கியவர்கள்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அதுவே உங்களை அரை வருடம் காக்க வைக்கும். மொன்டானாவில் உள்ளூர்வாசிக்கான வேட்டை உரிமம் வாங்க, விண்ணப்பிக்கும் நாளுக்கு முன் தொடர்ந்து 180 நாள் அந்த மாநிலத்தில் வாழ்ந்திருக்க வேண்டும். வண்டிகளை அங்கே பதிவு செய்திருக்க வேண்டும், வருமான வரியை அங்கே உள்ளூர்வாசியாகக் கட்ட வேண்டும், வேறு எந்த மாநிலத்திலும் உள்ளூர் உரிமம் வைத்திருக்கக்கூடாது. நிலம் வாங்கிப் பத்திரம் பதிந்த கையோடு உள்ளூர்வாசி ஆகிவிட்டதாக நினைத்து மாட்டிக்கொள்கிறவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. அபராதம் மட்டுமல்ல, வேட்டை உரிமையே சில வருடங்களுக்குப் போய்விடும். உள்ளூர்வாசிக்கு எல்க் உரிமம் இருபது டாலர் அளவில்தான். வெளிமாநிலத்தவருக்கான கூட்டு உரிமம் ஆயிரம் டாலருக்கு மேல், அதுவும் குலுக்கலில் விழுந்தால்தான். இந்த வித்தியாசத்தால்தான் அதிகாரிகள் இதில் கறாராக இருக்கிறார்கள்.

1985 ஜனவரி 1க்குப் பிறகு பிறந்தவர் என்றால் வேட்டைப் பயிற்சிச் சான்று தேவை. டெக்சாஸ் சான்றே செல்லும், தொலைத்துவிடாதீர்கள். இன்னொன்று, உங்களுக்கு இல்லை, இதைப் படிக்கும் எச்1பி நண்பர்களுக்கு: குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கி வைத்திருப்பதைக் கூட்டரசுச் சட்டம் தடுக்கிறது. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் இருந்தால் விலக்கு உண்டு. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். விசா நிலையையே பாதிக்கக்கூடிய விஷயம் இது, நண்பர் சொன்னார் என்று துப்பாக்கியைக் கையில் எடுக்காதீர்கள்.

டெக்சாஸ் பழக்கங்களில் சிலவற்றை அங்கேயே விட்டுவிட்டு வர வேண்டும். அங்கே நிலம் கிட்டத்தட்ட எல்லாமே தனியார் கையில். குத்தகைக்கு எடுத்து, மக்காச்சோளம் கொட்டும் ஃபீடர் வைத்து, மறைவிடத்தில் காத்திருப்பீர்கள். மொன்டானாவில் தீனி வைத்து வேட்டையாடுவது குற்றம். வேட்டையின்போது வாக்கி டாக்கியில் விலங்கு இருக்கும் இடத்தைச் சொல்லிக்கொள்வதும் குற்றம். ரைஃபிள் காலத்தில் இடுப்புக்கு மேல் 400 சதுர அங்குலம் ஆரஞ்சுத் துணி தெரிய வேண்டும். குதிரைக்கும் ஆரஞ்சு கட்டுங்கள், சட்டம் சொல்லாவிட்டாலும். பழுப்புக் குதிரையை மரங்களுக்கு நடுவே அரை வெளிச்சத்தில் பார்த்தால் எல்க் மாதிரிதான் இருக்கும்.

சரி, இப்போது நிலம். மிசூலாவுக்குத் தெற்கே, 93ஆம் நெடுஞ்சாலையை ஒட்டி ஃப்ளாரன்ஸ், ஸ்டீவன்ஸ்வில், விக்டர், கார்வாலிஸ், ஹாமில்டன், டார்பி என்று ஊர்கள் வரிசையாக வரும். இவை எல்லாம் ரவாலி கவுண்டி. மேற்கே பிட்டர்ரூட் மலைகள், கருங்கல் சிகரங்கள். படத்தில் பார்த்து ஆசைப்பட்டிருப்பீர்களே, அது இந்தப் பக்கம்தான். கிழக்கே சஃபையர் மலைகள், வறண்டவை, வட்டமானவை, பார்க்க அவ்வளவு அழகில்லை.

எல்லோரும் மேற்குப் பக்கம்தான் வாங்குகிறார்கள். வீட்டுக்குப் பின்னால் தேசிய வனம், அதற்குப் பின்னால் 13 லட்சம் ஏக்கர் செல்வே-பிட்டர்ரூட் காட்டுப்பகுதி என்று விளம்பரத்தில் வரும். பொய்யில்லை. ஆனால் அந்தப் பக்கத்துப் பள்ளங்கள், பிளாட்ஜெட், மில் கிரீக், கூட்னை கிரீக் எல்லாம், கிழக்கு மேற்காக ஓடும் இடுக்கான கல் வாய்க்கால்கள். இருபுறமும் செங்குத்துப் பாறை, நடுவில் ஒரே ஒரு பாதை, பாதையின் முடிவில் ஒரு ஏரி. குதிரைக்குக் கால் வைக்க இடமில்லாத பாறைத் திட்டுகள் நிறைய. கோடையில் அருமை. நவம்பரில் பனி விழுந்ததும் அங்கே எல்க் நிற்பதில்லை. பனி ஆழமாகும்போது அவை இறங்கிப் புல் வெளியே தெரியும் சரிவுகளுக்கு வந்துவிடும். அந்தச் சரிவுகள் பெரும்பாலும் கிழக்குப் பக்க அடிவாரத்தில் இருக்கின்றன, பெரும்பாலும் தனியாருடையவை.

இங்கேதான் விஷயமே இருக்கிறது. வேட்டைக்காரர்கள் பலர் ஓநாய்களைத்தான் குறை சொல்வார்கள். 1995இல் மத்திய ஐடஹோவில் ஓநாய்களைக் கொண்டுவந்து விட்டது உண்மை, அவை மலை தாண்டி இந்தப் பக்கம் வந்ததும் உண்மை. பள்ளத்தாக்கின் தென்கோடியில் எல்க் கன்றுகள் குறைந்தபோது மாநில வனவிலங்குத் துறையும் மொன்டானா பல்கலைக்கழகமும் 2011இலிருந்து சில வருடங்கள் கன்றுகளுக்குக் கருவி மாட்டி ஆராய்ந்தார்கள். கன்றுகளை அதிகம் கொன்றது மலைச்சிங்கம் என்று தெரிந்தது, ஓநாய் அதற்குப் பின்னால்தான். ஊர்க் காபிக்கடையில் இதைச் சொல்லிப் பார்க்காதீர்கள், காபி ஆறிவிடும்.

எண்ணிக்கையை விட எல்க் எங்கே நிற்கிறது என்பதுதான் உங்களைப் பாதிக்கும். வருடக்கணக்கில் வாழும் விலங்கு அது. முதல் இரண்டு நாள் துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் எந்த வேலிக்குள் யாரும் சுடமாட்டார்கள் என்று அதற்குத் தெரியும். முன்பு அந்த வேலிக்குள் ஒரு பண்ணைக்காரர் இருந்தார். அவர் தன் உலர்புல் குவியலை எல்க் தின்று தீர்க்கிறதே என்ற கடுப்பில், வேட்டைக்கு யார் கேட்டாலும் சரி சொல்லிவிடுவார். அந்தப் பண்ணை கைமாறியதும் புது உரிமையாளர் எல்க்கைப் பார்த்து ரசிக்க வந்தவராக இருக்கிறார், அல்லது தன் விருந்தினருக்கு மட்டும் வேட்டையை வைத்துக்கொள்பவராக இருக்கிறார். கம்பத்தில் ஆரஞ்சுப் பெயின்ட் ஏறிவிடும். அந்தப் பெயின்ட்டுக்கு இங்கே 'உள்ளே வராதே' என்று அர்த்தம். பெயின்ட் இல்லாவிட்டாலும், அடுத்தவர் நிலத்தில் வேட்டையாட அனுமதி கேட்டே ஆக வேண்டும் என்பது மொன்டானா சட்டம்.

1990இல் ரவாலி கவுண்டியில் 25,000 பேர். 2020 கணக்கெடுப்பில் 44,000. கொரோனாவுக்குப் பிறகு இன்னும் வேகம். டார்பி பக்கம் ஒரு பண்ணையில் எடுத்த தொலைக்காட்சித் தொடர் பெயர் வாங்கியபின் கௌபாய் தொப்பியோடு நிலம் பார்க்க வருகிறவர்களும் சேர்ந்துகொண்டார்கள். இத்தனைக்கும் கவுண்டியில் எங்கே என்ன கட்டலாம் என்ற மண்டலக் கட்டுப்பாடு கிட்டத்தட்ட இல்லை. 2006இல் இரண்டு ஏக்கருக்கு ஒரு வீடு என்று ஒரு தற்காலிக விதியை மக்களே ஓட்டுப்போட்டுக் கொண்டுவந்தார்கள். 2008இல் வளர்ச்சிக் கொள்கையையே மக்கள் ஓட்டுப்போட்டு ரத்து செய்தார்கள். என் நிலம், என் இஷ்டம் என்பதும், பள்ளத்தாக்கு வீடுகளால் நிரம்புகிறதே என்பதும் ஒரே ஆளின் வாயிலிருந்து ஒரே மூச்சில் வரும். நீங்கள் வாங்கும் நிலத்துக்குப் பக்கத்து வயல் அடுத்த வருடம் இருபது மனையாகலாம், அதற்குத் தயாராக இருங்கள்.

பத்து ஏக்கர் கணக்கு இந்தப் பள்ளத்தாக்குக்குப் புதிதில்லை. நூறு வருடத்துக்கு முன்பே கம்பெனிக்காரர்கள் இங்கே நீண்ட வாய்க்கால் வெட்டி, பத்து ஏக்கர் பத்து ஏக்கராக ஆப்பிள் தோட்டம் என்று கிழக்கத்தியப் பணக்காரர்களுக்கும் சிகாகோ பேராசிரியர்களுக்கும் விற்றார்கள். கட்டடக்கலைஞர் ஃபிராங்க் லாய்ட் ரைட் 1909இல் டார்பி பக்கம் அவர்களுக்காக ஒரு கோடைக் குடியிருப்பே வடிவமைத்தார். பனியும் தூரத்துச் சந்தையும் சேர்ந்து ஆப்பிளை முடித்தன, 1910களின் நடுவிலேயே கம்பெனி திவால். அதற்கும் முன்னால் இது சாலிஷ் என்ற பூர்வகுடி மக்களின் ஊர். 1891இல் சார்லோ என்ற தலைவரையும் அவர் மக்களையும் வடக்கே இருந்த ஒதுக்கிடத்துக்கு அனுப்பிவிட்டார்கள். ஆக, 'நாங்கள் பூர்வீகம்' என்று உங்களிடம் யாராவது சொன்னால் சிரித்துக்கொள்ளலாம், மனதுக்குள் மட்டும்.

அந்த ஆப்பிள் வாய்க்கால் இன்றும் கிழக்குப் பக்கம் ஓடுகிறது, அதில்தான் உங்கள் குதிரைகளின் வயிறு இருக்கிறது. ஹாமில்டனில் வருடத்துக்கு 13 அங்குல அளவுக்குத்தான் மழையும் பனியும். மொன்டானாக்காரர்கள் இதை மாநிலத்தின் 'பனானா பெல்ட்', அதாவது வாழை விளையும் பகுதி என்று கிண்டலாகச் சொல்வார்கள், குளிர் கொஞ்சம் குறைவு என்பதால். வாழை எல்லாம் வராது. பாசனம் இல்லாத பத்து ஏக்கர் இரண்டு குதிரைகளை இரண்டு மாதம் தாங்கினால் அதிகம். அதற்குமேல் மேயவிட்டால் புல் போய் நேப்வீட் களை வந்துவிடும். பிறகு அதை ஒழிப்பது உங்கள் ஆயுள் வேலை. பாசனம் உள்ள மூன்று நான்கு ஏக்கர், பாசனமில்லாத பதினைந்தை விட மேல்.

மேற்கு மாநிலங்களில் தண்ணீர்ச் சட்டம் முதலில் எடுத்தவனுக்கே முதல் உரிமை என்பது. 1880களின் உரிமை உள்ளவர் ஆகஸ்டில் எடுத்து முடித்த பிறகுதான் 1950இன் உரிமைக்காரருக்கு. கடைமடை விவசாயிக்கு மேட்டூர் திறந்தும் தண்ணீர் வராத கதைதான், இங்கே மடைக்குப் பதில் தேதி தீர்மானிக்கிறது. எனவே நிலம் பார்க்கும்போது வாய்க்கால் ஓடுகிறதா என்று பார்ப்பது வீண். உங்கள் நிலத்தின் வழியாக ஓடும் வாய்க்காலில் ஒரு சொட்டுகூட உங்களுக்குச் சொந்தமில்லாமல் இருக்கலாம், சொந்தக்காரர் தூர்வார உங்கள் நிலத்துக்குள் வரும் உரிமை மட்டும் இருக்கும். பத்திரத்தோடு தண்ணீர் உரிமையும் வருகிறதா, அதன் தேதி என்ன என்று மாநில ஆவணத்தில் பாருங்கள். அப்புறம் அந்த வாய்க்காலில் தண்ணீர் திறந்து பங்கிடும் நீர்க்கட்டி யாரோ, அவரைத் தேடிப்போய்ப் பேசுங்கள். போன ஆகஸ்டில் எந்த வாரம் தண்ணீர் நின்றது என்று அவருக்குத் தெரியும், தரகருக்குத் தெரியாது. ஆழ்துளைக் கிணறு போட்டுக்கொள்ளலாமே என்றால், உரிமம் கேட்காமல் போடக்கூடிய கிணற்றுக்கு நிமிடத்துக்கு 35 காலன், வருடத்துக்கு 10 ஏக்கர்-அடி என்று வரம்பு இருக்கிறது. வீட்டுக்கும் தொட்டிக்கும் தாராளம், பத்து ஏக்கர் மேய்ச்சலுக்குப் பற்றாது.

உலர்புல் கணக்கும் சேர்த்தே போடுங்கள். ஐநூறு கிலோ குதிரை ஒரு நாளைக்குப் பத்து கிலோ தின்னும். அக்டோபர் கடைசியிலிருந்து ஏப்ரல் கடைசிவரை புல் கிடையாது, ஆக ஒரு குதிரைக்கு இரண்டு டன். ஜூலையில் வயலிலிருந்தே வாங்கி உள்ளே அடுக்கிவிட வேண்டும், பிப்ரவரியில் தேடினால் கேட்ட விலை கொடுக்க வேண்டியதுதான். கடுங்குளிரில் புல் தின்னும் குதிரைக்கு உடம்பு உள்ளிருந்தே சூடாகும், அதனால் தானியத்தைக் கூட்டாமல் புல்லைக் கூட்டுங்கள். தண்ணீர்த் தொட்டிக்கு மின்சூடேற்றி கட்டாயம். குளிர்காலத்தில் வயிற்றுவலி வந்து சாகும் குதிரைகளில் பல, உறைந்த தொட்டியைப் பார்த்துவிட்டுக் குடிக்காமல் போனவை.

டெக்சாஸ் குதிரை இங்கே முதல் வருடம் திணறும். அதற்குக் கல் பாதை தெரியாது, சரிவில் பின்னங்காலைக் கீழே வைத்து இறங்கத் தெரியாது, அக்டோபரில் கொண்டுவந்தால் குளிர்கால முடியும் வளர்ந்திருக்காது. வசந்தத்திலேயே கொண்டுவாருங்கள், கோடை முழுக்க மெதுவாக மலையேற்றிப் பழக்குங்கள். வேட்டைக்குப் பழக்குவது தனி. துப்பாக்கிச் சத்தத்துக்குப் பழகிய குதிரையும் ரத்த வாடைக்கு மிரளும், செத்த எல்க்கை முதுகில் ஏற்றினால் மலைச்சரிவில் ரோடியோ நடத்தும். முதலில் பழைய தோலை லாயத்தில் தொங்கவிட்டு வாடை காட்டுகிறவர்கள் உண்டு.

இன்னொரு கணக்கு: வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவைத் தாண்டும், எலும்பு நீக்கிய இறைச்சியே நூறு கிலோவுக்குப் பக்கம். பொதிகுதிரை ஒன்றுக்கு 70 கிலோ என்று வைத்துக்கொண்டால் ஒரு எல்க்குக்கு இரண்டு பொதிகுதிரை. நீங்கள் ஏறிப்போகும் குதிரை தனி. அதாவது உங்கள் இரண்டு குதிரைகளில் நீங்கள் இருவராகப் போனால், திரும்பி வரும்போது இருவரும் நடந்து வரவேண்டும். பலர் கடைசியில் ஒரு கோவேறு கழுதை வாங்கிவிடுகிறார்கள். குறைவாகத் தின்னும், கல்லில் கால் தவறாது, ஆனால் உங்களை விடப் புத்திசாலி என்ற நினைப்பு அதற்கு உண்டு. பொதி கட்டும் கலையை வீடியோ பார்த்துக் கற்க முடியாது. மிசூலாவுக்கு மேற்கே நைன்மைலில் 1930களிலிருந்து வனத்துறை கோவேறு கழுதைகள் வைத்திருக்கும் பழைய லாயம் இருக்கிறது, அங்கே வகுப்புகள் நடப்பதுண்டு.

தேசிய வனத்துக்குள் குதிரைக்குக் கொண்டுபோகும் புல் களைவிதை இல்லாதது என்று சான்று பெற்றிருக்க வேண்டும். கட்டின் கயிற்று நிறமே அதைக் காட்டும். ஏறுவதற்குச் சில நாள் முன்பிருந்தே அதையே போடுங்கள், இல்லாவிட்டால் சாணத்தில் விதை போகும். காட்டுப்பகுதிக்குள் இயந்திரம் எதுவும் கூடாது, சக்கரம் வைத்த வண்டிகூடக் கூடாது. பாதையில் விழுந்த மரத்தை அறுக்கச் செயின்சா இல்லை, இருவர் இழுக்கும் கைவாள்தான். தீ எரிந்த காடுகளில் வருடா வருடம் நூற்றுக்கணக்கில் மரம் விழும், வனத்துறையிடம் ஆள் பற்றாது. பல பாதைகள் திறந்திருப்பதற்குக் காரணம் பேக் கன்ட்ரி ஹார்ஸ்மென் என்ற குதிரைக்காரர் சங்கம். 1973இல் மொன்டானாவின் ஃப்ளாட்ஹெட் பக்கம் ஆரம்பித்தது, பிட்டர்ரூட்டிலும் கிளை இருக்கிறது. வந்த முதல் மாதமே சேர்ந்துவிடுங்கள். ஜூன் மாதச் சனிக்கிழமைகளில் அவர்களோடு மரம் அறுத்தால், எந்தப் பாதையில் எத்தனை நாள் வேலை மிச்சம், எந்தப் பண்ணைக்காரரிடம் எப்படிக் கேட்க வேண்டும், எந்த லாடக்காரர் சொன்ன நாளில் வருவார் என்பதெல்லாம் தானாகத் தெரிந்துவிடும்.

கரடி விஷயத்தில் கருங்கரடி எப்போதும் உண்டு. பழுப்பு கிரிஸ்லி நிரந்தரமாகக் குடியேறவில்லை என்பார்கள், ஆனால் 2018இல் ஸ்டீவன்ஸ்வில் பக்கத்து கோல்ஃப் மைதானத்திலேயே ஒன்றைப் பிடித்தார்கள். உணவையும் குதிரைத் தீனியையும் கரடிக்கு எட்டாமல் வையுங்கள், ஸ்ப்ரே இடுப்பில் இருக்கட்டும், சேணப்பையில் இருந்து பயனில்லை.

வாசலிலிருந்து குதிரை ஏறுவது பற்றிக் கேட்டீர்கள். அது நடக்கிற இடங்கள் இரண்டு வகை. மேற்கில் வன எல்லையை ஒட்டிய மனைகள்: விலை அதிகம், எல்க் குறைவு, தீ அபாயம் மிக அதிகம். 2000ஆம் ஆண்டு இந்தப் பள்ளத்தாக்கைச் சுற்றி மூன்றரை லட்சம் ஏக்கர் எரிந்தது. 2016இல் ஹாமில்டனுக்குத் தென்மேற்கே யாரோ அணைக்காமல் விட்ட முகாம் நெருப்பு 16 வீடுகளைத் தின்றது. அந்த எல்லையில் வீட்டுக்குக் காப்பீடு கிடைக்கிறதா என்று முன்பணம் கொடுப்பதற்கு முன்பே கேளுங்கள். குதிரைகளை இரவு இரண்டு மணிக்கு, புகையில், ட்ரெய்லரில் ஏற்றிப் பழக்கியிருக்கிறீர்களா என்றும் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். இரண்டாவது வகை தெற்கே, டார்பி தாண்டி, சூலா, வெஸ்ட் ஃபோர்க் பக்கம். பொதுநிலம் நிறைய, வேட்டைக்காரருக்கு நல்ல இடம். ஆனால் அங்கே பெரிய ஆண் எல்க்குக்குப் பல வட்டாரங்களில் குலுக்கல் பெர்மிட் வேண்டும், பள்ளிக்கும் மருத்துவருக்கும் தூரம், இணையம் எல்லா வீட்டிலும் வராது. உங்கள் வேலைக்கு அது ஒத்துவராது என்றே நினைக்கிறேன்.

என்னைக் கேட்டால், வாசல் ஆசையை விட்டுவிடுங்கள். நல்ல ட்ரெய்லரும் அதை இழுக்கும் வண்டியும் வாங்குங்கள். கார்வாலிஸ், ஸ்டீவன்ஸ்வில் பக்கம் தாழ்வான நிலத்தில், பழைய தண்ணீர் உரிமையோடு ஐந்து ஏக்கர் போதும். அங்கிருந்து சஃபையர் பக்கமும் தெற்கும் ஒரு மணி நேரத்தில் எட்டும். எந்தப் பக்கம் எல்க் நிற்கிறதோ அந்தப் பக்கம் போகலாம், ஒரே பள்ளத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. குளிர்காலத்தில் எல்க் வந்து மேயும் அடிவாரச் சரிவில் மட்டும் மனை வாங்காதீர்கள். நீங்கள் வேட்டையாட நினைக்கும் மந்தையின் பிழைப்பே அந்தச் சரிவுதான், அதில் வேலி போட்டு நாய் வளர்த்தால் அவை வேறெங்காவது போய்விடும்.

தனியார் நிலத்துக்குள் போக இரண்டு வழி. 1985இல் தொடங்கிய பிளாக் மேனேஜ்மென்ட் திட்டத்தில் மாநிலம் நில உரிமையாளர்களுக்குப் பணம் கொடுக்கிறது, வேட்டைக்காரர்களுக்கு அனுமதி இலவசம். சில இடங்களில் பெட்டியில் பெயர் எழுதிவிட்டு நுழையலாம், சில இடங்களில் முன்பதிவு, சில இடங்களில் குதிரைக்கு அனுமதியில்லை. விதியைப் படித்துவிட்டுப் போங்கள். இரண்டாவது வழி நேரில் கேட்பது. அக்டோபரில் வேட்டை உடுப்போடு கதவைத் தட்டினால் இல்லை என்றுதான் வரும். ஜூலையில் அவருக்குப் புல் கட்டு ஏற்ற ஆள் தேவைப்படும், அப்போது போங்கள்.

எல்லை தெரிய கைபேசியில் ஆன்எக்ஸ் வைத்துக்கொள்ளுங்கள். மிசூலாவில் பிறந்த செயலிதான் அது. ஒரு எச்சரிக்கை: இரண்டு பொதுநிலச் சதுரங்கள் மூலையில் தொட்டுக்கொள்ளும் இடத்தில் தாண்டிப்போவது சரி என்று 2025இல் பத்தாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் வயோமிங் வழக்கில் தீர்ப்புச் சொன்னது. மொன்டானா ஒன்பதாவது வட்டத்தில் இருக்கிறது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது, மூலை தாண்டுவது இங்கே சட்டவிரோதம் என்றே மாநில வனவிலங்குத் துறை சொல்கிறது.

அப்புறம் அந்த 'வெறுப்பு' கேள்வி. ரவாலி கவுண்டியில் வெள்ளையர் அல்லாதோர் மிகக் குறைவு, அரசியலில் வலதுசாரிப் பக்கம். முதல் சில மாதம் கடையில் உங்களைத் திரும்பிப் பார்ப்பார்கள், அதை இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் அவர்களின் உண்மையான கோபம் நிறத்தின் மேல் குறைவு, வழியை அடைக்கும் வேலிக் கதவின் மேல் அதிகம். ஸ்டீவன்ஸ்வில் பக்கம் மிட்செல் ஸ்லூ என்று ஒரு நீரோடை. அதன் கரையில் நிலம் வாங்கிய பெரும்பணக்காரர்கள் இது வாய்க்கால், ஆறு இல்லை, யாரும் மீன்பிடிக்க வரக்கூடாது என்றார்கள். வழக்கு வருடக்கணக்கில் நடந்து, 2008இல் மாநில உச்ச நீதிமன்றம் இது பொதுமக்களுக்குத் திறந்த நீர்தான் என்று தீர்ப்பளித்தது. இன்றும் வெளியூர்க்காரர் என்றதும் ஊரார் மனதில் வருவது அந்தக் கரைதான். வந்ததும் பலகை மாட்டி, தலைமுறையாக நடந்த வழியை அடைத்தவர் என்ற பெயர் வாங்கினால் எத்தனை வருடமானாலும் போகாது. திறந்திருந்த கேட்டைத் திறந்தே விடுங்கள், மூடியிருந்ததை மூடிவிட்டுப் போங்கள். மண் சாலையில் மெதுவாக ஓட்டுங்கள். உங்கள் ஐந்து ஏக்கரில் வெள்ளைவால் மான் நின்றால், பக்கத்து வீட்டுப் பையன் வில்லோடு கேட்கும்போது சரி சொல்லுங்கள்.

சாதமும் சாம்பாரும் பற்றிக் கவலை வேண்டாம், பருப்பு மிசூலாவிலேயே கிடைக்கும். பெரிய இந்தியக் கடைக்கு ஸ்போகேன், மிசூலாவிலிருந்தே 200 மைல். எல்க் சுக்காவுக்கு அது போதும், கொழுப்பே இல்லாத இறைச்சி என்பதால் நல்லெண்ணெய் மட்டும் கொஞ்சம் தாராளமாக வேண்டியிருக்கும்.

தேதிகள்: பொது ரைஃபிள் காலம் அக்டோபர் கடைசியில் தொடங்கி நன்றி நவிலல் நாளுக்கு அடுத்த ஞாயிறுவரை, ஐந்து வாரம். ஏப்ரல் நடுவுக்குள் குடிவந்துவிட்டால் 180 நாள் அதற்குள் முடிந்துவிடும். குலுக்கல் பெர்மிட்டுக்கு ஏப்ரல் 1 கடைசி என்பதால் முதல் வருடம் உள்ளூர்வாசியாக அதில் சேர முடியாது, பொது உரிமத்தோடு திருப்தி. பல வட்டாரங்களில் அந்த உரிமத்துக்குக் கொம்பின் கீழ்ப்பாதியில் நான்கு அங்குலக் கிளையாவது உள்ள ஆண் எல்க்தான், விதிப்புத்தகத்தை வட்டாரம் வட்டாரமாகப் படியுங்கள். குதிரைகளுக்குக் கால்நடை மருத்துவர் சான்றும், ஒரு வருடத்துக்குள் எடுத்த காகின்ஸ் ரத்தப் பரிசோதனையும் வழியிலேயே கையில் வேண்டும். வந்தபின், குதிரையின் சூட்டுக்குறியையும் அது யாருடையது என்பதையும் சரிபார்க்கும் கால்நடைத் துறையின் முத்திரைச் சோதனையாளரைப் பார்த்து நிரந்தரப் பயண அனுமதி வாங்கிவிடுங்கள், இல்லாவிட்டால் கவுண்டி எல்லை தாண்டும் ஒவ்வொரு முறையும் சோதனை. குதிரைக்கும் இடம் உள்ள வாடகை வீடு இணையத்தில் அதிகம் வராது. ஹாமில்டன், ஸ்டீவன்ஸ்வில் தீவனக் கடைகளின் அறிவிப்புப் பலகையில் ஒரு சீட்டு ஒட்டிவையுங்கள், மார்ச்சிலேயே.